ஒளியின் ஒருவழி வேகத்தை அளக்க முடியுமா?

தேன்மொழி

பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ ஒளிவேகத்தை அளந்த பற்சக்கரச் சோதனையை பிளஸ் டூ வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓர் இடம் நெருடும். 1849-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் சுரேனில் இருந்து மோன்மார்த்ர் குன்றுக்கு அவர் ஒளியை அனுப்பினார். தூரம் 8,633 மீட்டர், சக்கரத்தில் 720 பற்கள். நொடிக்கு 12.6 சுற்று வந்ததும், பல்லிடுக்கு வழியே போன ஒளி திரும்பி வருவதற்குள் அடுத்த பல் வந்து மறைத்துவிட்டது. அதை வைத்து நொடிக்குச் சுமார் 3,13,000 கி.மீ. என்று கணக்குப் போட்டார்.

நெருடுவது அந்தத் 'திரும்பி' என்கிற இடம்தான். அங்கே குன்றில் ஒரு கண்ணாடி இருக்கிறது. 1862-இல் ஃபூக்கோ செய்த சுழல் கண்ணாடிச் சோதனையிலும் ஒளி போய்த் திரும்புகிறது. 1926-இல் மைக்கல்சன் வில்சன் மலையிலிருந்து 35 கி.மீ. தள்ளியிருந்த மலைக்கு அனுப்பியபோதும் அப்படித்தான். போகும்போது ஒரு வேகம், வரும்போது வேறு வேகம் என்று இருந்தால் இவற்றில் எதிலும் தெரியாது. சராசரிதான் கிடைக்கும்.

போகிற வேகத்தை மட்டும் தனியாக அளந்த சோதனை உண்டா? இன்னும் யாரும் செய்யவில்லையா, அல்லது செய்யவே முடியாதா? இந்த இரண்டும் வேறு வேறு பதில்கள். எனக்கு எது என்று தெரிய வேண்டும்.

லென்ஸ்_கதிர்

இதில் என்ன சிக்கல்? இரண்டு அணுக்கடிகாரம் வாங்குங்கள். ஒன்றை இங்கே வையுங்கள், இன்னொன்றை 10 கி.மீ. தள்ளி வையுங்கள். ஒளி கிளம்பிய நேரத்தை இது சொல்லும், சேர்ந்த நேரத்தை அது சொல்லும். கழித்தால் முடிந்தது. ஃபிசோ காலத்தில் அப்படிப்பட்ட கடிகாரம் இல்லை, இன்று இருக்கிறது.

சர்வர்மணி

கதிர், அந்த இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றன என்பது எப்படித் தெரியும்? முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. என் பிழைப்பே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உலகத்தில் உள்ள கணினிகள் என்டிபி என்கிற நெறிமுறையை வைத்து நேரம் சரிபார்த்துக்கொள்கின்றன. 1985-இல் டேவிட் மில்ஸ் எழுதியது. என் கணினி ஒரு கேள்வி அனுப்புகிறது, சர்வர் தன் நேரத்தை எழுதிப் பதில் அனுப்புகிறது. போய்வர 20 மில்லிவினாடி ஆனது என்றால், பதில் வர 10 ஆகியிருக்கும் என்று என் கணினி எடுத்துக்கொள்கிறது. பாதி என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நெறிமுறை அப்படி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். போக 18, வர 2 என்று இருந்தாலும் என் கணினிக்குத் தெரியாது. அது தன் கடிகாரத்தை 8 மில்லிவினாடி தப்பாக வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லும். எத்தனை லட்சம் தடவை கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். போகும் பாதை ஓர் ஊர் வழியாக, வரும் பாதை வேறு ஊர் வழியாக. சர்வர்களின் பதிவேட்டில் ஒரு செய்தி அனுப்பப்படும் முன்பே வந்து சேர்ந்ததாக நேரம் விழும். மொட்டைமாடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்து ஒப்பிட்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது.

இப்போது ஒளிக்கு வாருங்கள். வலைப்பின்னலில் எனக்கு ஜிபிஎஸ் என்கிற வேறொரு சாட்சி இருந்தது. ஒளியைவிட வேகமான சாட்சி எதுவும் கிடையாது. 10 கி.மீ. தள்ளியுள்ள கடிகாரத்தை ஒத்துவைக்க ஒளியை அனுப்பினால், அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். நாம் அளக்க வந்ததே அதைத்தான்.

லென்ஸ்_கதிர்

சரி, ஒளியே வேண்டாம். இரண்டு கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துவைத்துவிட்டு, ஒன்றை மெதுவாக எடுத்துக்கொண்டு போகிறேன். ஓடுகிற கடிகாரம் மெதுவாக நடக்கும் என்கிற சார்பியல் விளைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடந்துபோகிற வேகத்தில் போனால் அது ஒன்றுமே இல்லை.

அலைநீளம்

நல்ல வாதம். எடிங்டன் 1920-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1967-இல் எல்லிஸும் போமனும் இதைக் கையிலெடுத்து, ஒருவழி ஒளிவேகம் வெறும் ஏற்பாடு, அதாவது நாமாக வைத்துக்கொள்வது என்பவர்களுக்கு எதிராக வாதாடினார்கள். எண்களைப் போட்டுப் பார்ப்போம், அப்போதுதான் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

10 கி.மீ. தூரம். கடிகாரத்தை வண்டியில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் என்று கொண்டுபோகிறோம். 1000 வினாடி ஆகும். வழக்கமான சார்பியல் கணக்கில் அந்தக் கடிகாரம் பின்தங்குவது அரைப் பிகோவினாடிக்குக் கொஞ்சம் மேல். 10 கி.மீ. கடக்க ஒளிக்கு 33 மைக்ரோவினாடி ஆகும் என்பதால் இந்தப் பின்தங்கலை மறந்துவிடலாம். கதிர் சொல்வது இதுவரை சரி.

ஆனால் அந்த 'வர்க்கத்தைப் பொறுத்தது' என்கிற வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது? எல்லாத் திசையிலும் ஒளிவேகம் ஒன்று என்று வைத்துக்கொண்டு எழுதிய சமன்பாட்டிலிருந்து. இப்போது ஒரு முரட்டு ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். போகிற ஒளி நமக்குத் தெரிந்த வேகத்தில் பாதியில் போகிறது, வருகிற ஒளி நேரமே எடுக்காமல் வருகிறது. சராசரி மாறாது. இந்த ஏற்பாட்டில் நகரும் கடிகாரத்துக்கான வாய்ப்பாட்டை மறுபடி எழுதினால், வர்க்கம் இல்லாமல் வேகத்துக்கே நேர்விகிதமாக ஓர் உறுப்பு வருகிறது. வண்டியில் போகிற கடிகாரம் 1000 வினாடிப் பயணத்தில் 33 மைக்ரோவினாடி பின்தங்கும். இன்னும் மெதுவாகப் போகலாமே என்று வேகத்தைப் பாதியாக்கினால் பின்தங்கும் விகிதமும் பாதியாகும். ஆனால் பயண நேரம் இரண்டு மடங்காகிவிடும். பெருக்கினால் அதே 33 மைக்ரோவினாடி. நத்தை வேகத்தில் போனாலும் அதுதான். மொத்தப் பின்தங்கல் தூரத்தை மட்டுமே பொறுத்தது.

இந்த ஏற்பாட்டின்படி ஒளி போய்ச்சேர 66.7 மைக்ரோவினாடி ஆகும். ஆனால் அங்கே இருக்கிற கடிகாரமோ 33.3 பின்தங்கியிருக்கிறது. ஆகவே அது காட்டுவது 33.3. ஒளிவேகம் எல்லாத் திசையிலும் ஒன்று என்றாலும் அது காட்டப்போவது இதே 33.3 தான்.

தேன்மொழி

இரண்டு கடிகாரத்தையும் நடுவில் ஒத்துவைத்துவிட்டு, எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் கொண்டுபோனால்?

அலைநீளம்

ஒன்று பாதித் தூரத்துக்கான அளவு பின்தங்கும், இன்னொன்று அதே அளவு முந்தும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மறுபடி முழுத் தூரத்துக்கானதுதான். 'சமச்சீராக நகர்த்தினேன், ஆகவே சமமாகப் பாதிக்கப்பட்டிருக்கும்' என்று சொல்லும்போதே இரண்டு திசையும் சமம் என்பதை உள்ளே சேர்த்துவிடுகிறோம்.

வியாழன்நோக்கி

கண்ணாடியே இல்லாத ஒரு சோதனையை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! 1676-இல் ஓலே ரோமர். வியாழனின் நிலவு ஐஓ சுமார் 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அது வியாழனின் நிழலுக்குள் போய் மறைவது கச்சிதமான ஒரு கடிகாரம். பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் மறைவு தாமதமாகிக்கொண்டே போகிறது, நெருங்கும் மாதங்களில் முந்துகிறது. பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார் ரோமர். உண்மையில் 16½ நிமிடத்துக்குச் சற்று மேல். பாரிஸ் வானாய்வகத்தில் அன்றிருந்த கருவிகளுக்கு அது பெரிய சாதனை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒளி வியாழனிலிருந்து இங்கே வருகிறது. இங்கிருந்து எதுவும் போகவில்லை. வருகிற வேகம் எல்லையற்றது என்றால் ரோமருக்கு எந்தத் தாமதமும் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் தெரிந்தது. என்னுடைய நான்கு அங்குலத் தொலைநோக்கியிலேயே ஐஓ மங்கி மறைவதைப் பார்க்கலாம், பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒப்பிடலாம். ஆகவே ஒருவழி வேகம் 350 ஆண்டுகளுக்கு முன்பே அளக்கப்பட்டுவிட்டது.

சர்வர்மணி

இது வலுவாகத்தான் இருக்கிறது. அலைநீளம் சார் என்ன சொல்கிறார் என்று பார்க்க ஆவல்.

அலைநீளம்

வியாழன்நோக்கி ஐயா, இந்த இழையிலேயே சிறந்த வாதம் உங்களுடையதுதான். 1970-இல் கார்லோவ் என்பவர் 'ரோமரின் முறை ஒருதிசை வேகத்தைத் தருகிறதா' என்று இதையே கேள்வியாக்கி ஆஸ்திரேலிய இயற்பியல் இதழில் எழுதினார். தருவதில்லை என்பது அவர் பதில். ஏன் என்று கேட்டால், மேலே பார்த்த வண்டிதான் காரணம். இங்கே வண்டி பூமி.

அரையாண்டு முன்பு பூமி வியாழனுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது 30 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. நம்முடைய கடிகாரமும் கூடவே வந்திருக்கிறது. ஊசல் கடிகாரம், அணுக்கடிகாரம், பூமியின் சுழற்சி என எதை வைத்து நேரம் பார்த்தாலும் அது பூமியோடு பயணம் செய்த கடிகாரம்தான். வியாழனிலிருந்து வருகிற ஒளிக்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொண்டால், அதே ஏற்பாட்டின்படி வியாழனைவிட்டு விலகுகிற கடிகாரம் வேகமாக ஓட வேண்டும். அரையாண்டில் சுமார் 1000 வினாடி முந்தியிருக்கும். மறைவு நடந்த கணமே நமக்குத் தெரிந்துவிடும், ஆனால் நம் கடிகாரம் 1000 வினாடி முன்னால் போய்விட்டதால் 'தாமதம்' என்று படிப்போம். ரோமரின் குறிப்பேட்டில் ஓர் எண்கூட மாறாது.

ரோமர் பார்த்தது உண்மை. ஒளிக்கு வேகம் உண்டு என்று அவர் முடிவுக்கு வந்ததும் உண்மை. அந்த எண் போகும் வேகமா, வரும் வேகமா, சராசரியா என்பதை மட்டும் அவரது தரவு சொல்லவில்லை.

வியாழன்நோக்கி

கணக்கு புரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறதே, இது இயற்பியலா?

லென்ஸ்_கதிர்

எனக்கும் அதே சந்தேகம்தான். அடுத்ததைச் சொல்கிறேன். 2011-இல் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் நொடிக்கு ஒரு லட்சம் கோடி சட்டம் (ஃப்ரேம்) என்கிற அளவில் படமெடுத்தார்கள். ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் ஒளித்துடிப்பு மூடியை நோக்கி ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது, ஒரே கடிகாரம், கண்ணாடி இல்லை. சட்டங்களை எண்ணினால் வேகம் வந்துவிடும்.

அலைநீளம்

புட்டியில் போகிற ஒளியை நீங்கள் பார்க்கவில்லை, கதிர். அது உங்கள் பக்கம் வரவே இல்லை. வழியில் சிதறி கேமராவுக்கு வந்த ஒளியைத்தான் பார்க்கிறீர்கள். புட்டியின் அடியிலிருந்து சிதறியதும் மூடியிலிருந்து சிதறியதும் கேமராவுக்கு வர வெவ்வேறு திசையில் வந்தாக வேண்டும். மூடியிலிருந்து வருகிற ஒளி, துடிப்பு எவ்வளவு முன்னே போனதோ அவ்வளவு பின்னே வந்தாக வேண்டும். ஏற்பாட்டினால் போகும்போது கூடுகிற நேரம், அந்தப் பின்வாங்கலில் அப்படியே கழிந்துவிடுகிறது.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். கேமராவைச் செங்குத்தாக வெகுதூரம் தள்ளி வைத்தால் பின்வாங்கல் மிகச் சிறியதாகிவிடாதா? கோணம்தான் சிறியதாகும். முன்னே போன மீட்டரும் பின்னே வரும் மீட்டரும் எப்போதும் சமம். 1 மீட்டர் தள்ளி வைத்தாலும் நிலவில் வைத்தாலும் கழிவது முழுவதும் கழியும்.

தேன்மொழி

2009-இல் அமெரிக்க இயற்பியல் கற்பித்தல் இதழ் ஒன்றில் 'ஒருவழி ஒளிவேகச் சோதனை' என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை வந்ததே? உணரியை நகர்த்திக்கொண்டே போகிறார்கள். ஒளி பட்ட செய்தி ஒரு கேபிள் வழியே திரும்புகிறது. கேபிளின் நீளம் மாறவில்லை, அதனால் கேபிளில் ஆகிற நேரமும் மாறாது, கழித்துவிடலாம் என்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தில்கூடச் செய்துபார்க்கலாம் போல இருந்ததால்தான் அதைக் குறித்து வைத்திருந்தேன்.

சர்வர்மணி

இதை நான் சொல்லலாமா? கேபிளின் நீளம் மாறவில்லை, ஆனால் ஒரு முனை நகர்ந்துவிட்டது. சுருட்டி வைத்திருந்தபோது சமிக்ஞை சுற்றிச் சுற்றிக் கிட்டத்தட்ட கிளம்பிய இடத்துக்கே வந்தது. உணரியைத் தள்ளிவைத்த பிறகு அதே சமிக்ஞை அவ்வளவு தூரம் திரும்பி வருகிறது. கேபிளுக்குள் ஓடுவதும் மின்காந்த அலைதானே. திசையைப் பொறுத்து நேரம் மாறும் என்று வைத்துக்கொண்டால் அது கேபிளுக்கும் பொருந்தும். நீளம் ஒன்றே என்பதால் நேரமும் ஒன்றே என்று சொல்ல முடியாது.

அலைநீளம்

ஆமாம். அந்தக் கட்டுரைக்கு அடுத்த ஆண்டே அதே இதழில் வந்த மறுப்பும் இதைத்தான் சொன்னது.

லென்ஸ்_கதிர்

கடைசியாக ஒன்று. இதில் சமிக்ஞையே கிடையாது. நீளமான ஓர் இரும்புத் தண்டு, இரண்டு முனையிலும் துளையிட்ட தட்டு. தண்டைச் சுழற்றினால் இரண்டு தட்டும் ஒன்றாகச் சுழலும். முதல் தட்டின் துளையில் நுழைந்த ஒளி இரண்டாவது தட்டை அடையும்போது துளை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். போகும் வேகம் மட்டும்.

அலைநீளம்

தண்டு முறுக்காமல் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நிற்கும்போது இரண்டு துளையும் நேராக இருந்தன. சுழலும்போதும் 'ஒரே நேரத்தில்' நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பொதுவான நேரம் வேண்டும். மறுபடி கடிகாரம்.

எண்ணில் பார்த்தால் இது எவ்வளவு நுட்பம் என்று தெரியும். தண்டு 10 மீட்டர், நொடிக்கு 100 சுற்று. 10 மீட்டருக்கு ஒளி எடுப்பது 33 நானோவினாடி. அதற்குள் தட்டு திரும்புவது 0.0012 பாகை. மேலே சொன்ன முரட்டு ஏற்பாட்டில் தண்டு இதே 0.0012 பாகை முறுக்கிக்கொண்டிருக்கும், விளைவு மறைந்துவிடும். இரும்பின் அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பதும் மின்காந்த விசைதான் என்பதால் அந்த விசைக்கும் அதே ஏற்பாடு பொருந்தும். இது புதுச் சமாதானம் இல்லை. வழக்கமான சார்பியலிலேயே, சுழலும் தண்டு தன் அச்சின் வழியே ஓடினால் நிற்பவருக்கு அது முறுக்கியதாகத்தான் தெரியும். வெவ்வேறு இடத்தில் 'ஒரே நேரம்' என்பது மாறும்போது 'நேரான தண்டு' என்பதும் மாறுகிறது.

வியாழன்நோக்கி ஐயா கேட்டதற்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சமாதானம் தேடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். தூரத்து இடங்களின் நேரப் பெயரை, தூரத்துக்கேற்ப ஒரே சீராக மாற்றி எழுதுகிறோம். ஒளி, வண்டி, தண்டு, கேபிள், பூமி எல்லாவற்றின் சமன்பாடும் ஒன்றாகச் சேர்ந்து மாறுகிறது. இரண்டு பொருள்கள் ஓரிடத்தில் சந்திக்கின்றனவா, ஒரு கடிகாரத்தில் அந்தக் கணம் என்ன எண் காட்டியது என்பவை மட்டும் மாறுவதில்லை. எந்தச் சோதனையிலும் கடைசியில் நாம் குறித்துக்கொள்வது இந்த மாதிரி எண்களைத்தான்.

உடனிகழ்வு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதன் வரலாறும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

1898-இல் ஆன்றி புவான்காரே நேரத்தை அளப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தூரத்து இடங்களில் 'ஒரே நேரம்' என்பதை நாம் நேரடியாக உணர்வதே இல்லை என்றார். ஒளியின் வேகம் எல்லாத் திசையிலும் ஒன்று என்பது அனுபவத்தால் நேரடியாகச் சரிபார்க்க முடியாத எடுகோள், அதை வைத்துத்தான் வானியலாளர்கள் வேகத்தையே அளக்கிறார்கள் என்றார். 1905-இல் ஐன்ஸ்டைன் தன் சார்பியல் கட்டுரையின் முதல் பிரிவிலேயே, சமன்பாடு எதுவும் வருவதற்கு முன், அ-விலிருந்து ஆ-வுக்கு ஒளி எடுக்கும் நேரமும் ஆ-விலிருந்து அ-வுக்கு எடுக்கும் நேரமும் சமம் என்று வரையறுக்கிறார். வரையறை என்றே சொல்கிறார். பிற்பாடு பொதுவாசகர்களுக்கு விளக்கியபோது இன்னும் வெளிப்படையாக, இது ஒளியின் தன்மை பற்றிய கருதுகோள் இல்லை, உடனிகழ்வுக்கு, அதாவது இரண்டு இடங்களில் 'ஒரே நேரம்' என்பதற்கு, ஒரு வரையறை வேண்டும் என்பதற்காக நான் விரும்பிச் செய்துகொண்ட ஏற்பாடு என்றார்.

1928-இல் ரைக்கன்பாக் இதற்கு எப்சிலான் என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். போய்வரும் நேரத்தில் எத்தனை பங்கு போவதற்கு என்பதே எப்சிலான். ஐன்ஸ்டைன் அரை என்கிறார். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் எதை வைத்தாலும் அனுபவத்தோடு மோதாது என்றார் ரைக்கன்பாக்.

சர்வர்மணி

அட, என்டிபியிலும் இதே எல்லைதான்! பாதை எவ்வளவு கோணலாக இருந்தாலும் பிழை போய்வரும் நேரத்தின் பாதியைத் தாண்டாது. பதில், கேள்விக்கு முன்னால் வர முடியாது என்கிற ஒரே கட்டுப்பாட்டிலிருந்து வருவது அது.

உடனிகழ்வு

ஆமாம், காரணகாரிய வரிசை மட்டும்தான் எல்லை. ஆனால் இதை வைத்து 'ஆகவே எல்லாம் நம் இஷ்டம்' என்று முடிக்க நான் தயாரில்லை. 1977-இல் டேவிட் மாலமென்ட் ஒரு தேற்றத்தை நிறுவினார். எந்த நிகழ்வு எதைப் பாதிக்கலாம் என்கிற காரண அமைப்பையும், சீராக நகரும் ஒருவரின் பாதையையும் மட்டும் வைத்துக்கொண்டு, அற்பமல்லாத ஓர் உடனிகழ்வை வரையறுக்கப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அது ஐன்ஸ்டைனின் அரை. வேறு எப்சிலான் எடுத்தால் ஒரு திசையைத் தனியாகக் கைகாட்ட வேண்டியிருக்கிறது, இயற்கையில் அப்படி ஒரு திசை எதுவும் எழுதப்படவில்லை. 1999-இல் சர்க்காரும் ஸ்டாச்செலும் இதை எதிர்த்தார்கள். முன்னோக்கியும் பின்னோக்கியும் காலம் சமச்சீர் என்கிற நிபந்தனையை மாலமென்ட் உள்ளே வைத்திருக்கிறார், அதைத் தளர்த்தினால் வேறு தேர்வுகளும் வருகின்றன என்றார்கள். விவாதம் இன்னும் அடங்கவில்லை. நான் மாலமென்ட் பக்கம்.

வியாழன்நோக்கி

நானும் அந்தப் பக்கம்தான் வந்து நிற்பேன். 2014 செப்டம்பர் 24 காலை. மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய நாள். இயந்திரம் எரியத் தொடங்கியது 7:17-க்கு, பெங்களூருவுக்குத் தெரிந்தது 7:30-க்கு. அந்தப் பன்னிரண்டரை நிமிடம் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது வெறும் ஏற்பாடு, 7:30-க்கே எரிந்ததாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எப்படி?

அலைநீளம்

வைத்துக்கொள்ளலாம். இஸ்ரோ பொறியாளரின் ஒரு முடிவுகூட மாறாது. கட்டளைகளை முன்பே விண்கலத்தில் ஏற்றியிருந்தார்கள். விண்கலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டது ரேடியோ அலையை அனுப்பித் திரும்பப் பெற்று. ஒரு கேள்வி அனுப்பி அதற்குப் பதில் வர 25 நிமிடம் ஆகும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய தகவல், அது யார் கையிலும் மாறாது.

ஆனால் நீங்களும் உடனிகழ்வும் சொல்வதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. 'அளக்க முடியாது' என்பதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஒளியை வைத்துக் கடிகாரங்களை ஒத்துவைக்கலாம், மெதுவாகக் கொண்டுபோய் ஒத்துவைக்கலாம். இரண்டு முறையும் ஒரே விடையைத் தருகின்றன. தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இயற்கை வேறு மாதிரி இருந்திருந்தால் இரண்டும் முரண்பட்டிருக்கும், அந்த முரண்பாட்டை அளந்திருக்கலாம். 1990-இல் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த கிரிஷரும் குழுவினரும் கோல்ட்ஸ்டோனில் இரண்டு ஹைட்ரஜன் மேசர் கடிகாரங்களை 29 கி.மீ. ஒளியிழையால் இணைத்து, பூமி சுழலச் சுழல ஒருவழியாகப் போகிற ஒளியின் கட்டம் (அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது) மாறுகிறதா என்று பார்த்தார்கள். மாறவில்லை. ஒருவழி வேகம் இவ்வளவு என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டு முறைகளும் ஒத்துப்போகின்றன என்பதைச் சோதித்தார்கள். அது உண்மையான சோதனை, தோற்றிருக்கக்கூடிய சோதனை.

2017 ஆகஸ்ட் 17-இல் வந்த ஈர்ப்பலையும் அப்படித்தான். சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து ஈர்ப்பலை வந்த 1.7 வினாடி கழித்து காமா கதிர் வந்தது. இரண்டும் ஒருவழிப் பயணம். ஒவ்வொன்றின் வேகத்தையும் தனியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒரே திசையில் இரண்டும் சேர்ந்தே ஓடின என்பது எந்த ஏற்பாட்டிலும் மாறாத உண்மை.

தேன்மொழி

அப்படியானால் 2011-இல் நியூட்ரினோ என்கிற துகள் ஒளியை முந்தியது என்று செய்தி வந்ததே? ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு 730 கி.மீ. ஒருவழிதான். திரும்பி வரவில்லை.

நிலஅளவை

அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஜிபிஎஸ் என் துறை. இரண்டு இடத்துக் கடிகாரங்களையும் ஜிபிஎஸ் வைத்துத்தான் ஒத்துவைத்தார்கள். ஜிபிஎஸ்ஸோ, பூமியின் மையத்தோடு நகர்கிற, ஆனால் பூமியோடு சுழலாத ஒரு சட்டகத்தில் ஒளி எல்லாத் திசையிலும் ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஆகவே அவர்கள் அளந்தது, அந்த ஏற்பாட்டில் நியூட்ரினோவுக்கு ஆன நேரம். 60 நானோவினாடி முந்தியதாகத் தெரிந்ததற்குச் சரியாகப் பொருத்தாத ஓர் ஒளியிழைக் கேபிள்தான் முக்கியக் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 'சுழலாத சட்டகம்' என்று சொன்னேன் அல்லவா, அதில் விஷயம் இருக்கிறது. பூமியோடு சுழல்கிற நமக்கு ஐன்ஸ்டைனின் அரை எல்லா இடத்திலும் பொருந்தாது. நிலநடுக்கோட்டில் வரிசையாகக் கடிகாரங்களை வைத்து, ஒன்றை அடுத்ததோடு ஒளியால் ஒத்துவைத்துக்கொண்டே உலகைச் சுற்றி வந்தால், கடைசிக் கடிகாரம் முதல் கடிகாரத்தோடு 207 நானோவினாடி மோதும். ஒளிக்கு அது 62 மீட்டர். மீட்டருக்குக் கீழே துல்லியம் கேட்கிற எங்கள் வேலையில் இதற்கான சாக்னாக் திருத்தத்தைச் சேர்க்காமல் விட்டால் எல்லைக்கல் எங்கேயோ போய் நிற்கும்.

லென்ஸ்_கதிர்

அப்படியானால் கிழக்கே போகிற ஒளியும் மேற்கே போகிற ஒளியும் வேறு வேறு வேகம் என்று அளந்தாயிற்று என்றுதானே அர்த்தம்?

அலைநீளம்

இல்லை, கதிர். உலகைச் சுற்றி வந்த ஒளி கிளம்பிய கடிகாரத்துக்கே திரும்பி வந்துவிட்டது. கிழக்குச் சுற்று 207 நானோவினாடி அதிகம், மேற்குச் சுற்று 207 குறைவு. இதைக் காண ஒரே கடிகாரம் போதும், எங்கேயும் எதையும் ஒத்துவைக்கத் தேவையில்லை. அதனால்தான் இது அளக்க முடிகிற உண்மை. 1913-இல் சாக்னாக் சுழலும் மேசையில் காட்டினார். 1925-இல் மைக்கல்சனும் கேலும் இல்லினாயில் 612 மீட்டருக்கு 339 மீட்டர் செவ்வகமாகக் குழாய் பதித்து, காற்றை எடுத்துவிட்டு, இதே வழியில் பூமியின் சுழற்சியையே ஒளியால் அளந்தார்கள்.

எப்சிலானை எப்படி மாற்றினாலும் இந்த 207 மாறாது. ஒரு துண்டில் கூட்டினால் இன்னொரு துண்டில் குறையும், முழுச் சுற்றின் கூட்டல் அப்படியே இருக்கும். தேன்மொழி முதலில் கேட்ட இரண்டு பதில்களில் இரண்டாவதுதான் சரி. 'இன்னும் செய்யவில்லை' இல்லை, செய்யவே முடியாது. ஆனால் எந்த மூடிய பாதையைக் கொடுத்தாலும், மாணவர்கள் கையில் ஒரே ஒரு கடிகாரம் இருந்தாலும், அதில் ஒளிக்கு ஆகிற நேரத்தை அளந்துவிடலாம். ஃபிசோவின் கண்ணாடி அங்கே இருந்தது அதற்காகத்தான்.

தேன்மொழி

அப்படியானால் இந்த முறை ஃபிசோவை நடத்தும்போது கண்ணாடியிலிருந்தே தொடங்குகிறேன். மைக்கல்சன்-கேல் குழாயின் அளவுகளைக் கொடுத்து, கிழக்குச் சுற்றுக்கும் மேற்குச் சுற்றுக்கும் எத்தனை வித்தியாசம் வரும் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லலாம். இல்லினாயின் அட்சரேகை 41¾ பாகை என்று எடுத்துக்கொண்டால் போதும்தானே, அலைநீளம் சார்?

அலைநீளம்

போதும். பரப்பளவை அட்சரேகையின் சைனால் பெருக்கச் சொல்லுங்கள், அதை மறந்தால் விடை ஒன்றரை மடங்காகிவிடும்.